இருளில் மறைந்த கண்கள்

சென்ற ஆண்டு மிதிவண்டியிலிருந்து விழுந்ததில் என் இடது முன்கை எலும்பில் கீறல் விட்டது. ஆறு வாரங்கள் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று இரண்டு கைகளையும் அருகருகே நீட்டிப் பார்த்தேன். வலக்கை வழக்கம்போல் இருந்தது. இடக்கையோ தசை வற்றி, நோயில் கிடந்து எழுந்தவரின் கைபோல் மெலிந்திருந்தது. அரைக்குடம் தண்ணீரைத் தூக்கவும் வலுவில்லை. பிறகு நாள்தோறும் பயிற்சி செய்தேன். சில மாதங்களில் கை பழைய நிலைக்கு வந்தது.

பயன்படுத்தினால் வளரும், பயன்படுத்தாவிட்டால் தேயும். இதை வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது முதலாண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். தறி நெய்யும் குடும்பத்திலிருந்து வந்தவன்.

"சார், எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. பயன்படாத உறுப்பு தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போகும் என்று பள்ளியில் படித்தோமே. அப்படியென்றால் படிப்புக்குப் பயன்படாத மூளைதானே எனக்கு வந்திருக்கும்?" என்று கேட்டான்.

வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் அது முழுக்க வேடிக்கைக்காகக் கேட்ட கேள்வி அல்ல என்பது அவன் முகத்தில் தெரிந்தது. "இரண்டு வாரம் கொடு, விடை சொல்கிறேன்" என்றேன். நான் இயற்பியல் கற்பிப்பவன். ஆயினும் ஒரு கூற்று மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கும் முறை எல்லா அறிவியலுக்கும் பொதுதானே! அந்த இரண்டு வாரங்களில் நூலகத்தில் நான் தேடிப் படித்ததை இங்கே உங்களுக்கும் சொல்கிறேன்.

லாமார்க் சொன்னவை இரண்டு

1809-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இயற்கை அறிஞர் லாமார்க் விலங்குகளைப் பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். உயிரினங்கள் படைக்கப்பட்டபடியே நிற்கவில்லை, காலப்போக்கில் மாறி வந்துள்ளன என்று துணிந்து எழுதியவர் அவர். மாற்றத்துக்குக் காரணமாக அவர் கூறியதில் இரண்டு பகுதிகள் உண்டு. அவற்றைத் தனித்தனியே பார்க்கவேண்டும்.

முதலாவது, ஒரு விலங்கு ஓர் உறுப்பை மிகுதியாகப் பயன்படுத்தினால் அது வலுப்பெறும், பயன்படுத்தாவிட்டால் நலிவுறும். இரண்டாவது, வாழ்நாளில் இவ்வாறு பெற்ற மாற்றம் பிள்ளைகளுக்கும் செல்லும். மண்ணுக்குள் வாழும் அகழெலியின் மிகச்சிறிய கண்களையும், நிலத்தடி நீரில் வாழும் புரோட்டியஸ் என்னும் விலங்கின் பார்வையின்மையையும் அவர் சான்றாகக் காட்டினார்.

முதற் பகுதியைப் பற்றி ஐயமில்லை. என் கையே அதற்குச் சாட்சி. கேள்வி இரண்டாவதைப் பற்றியது. கட்டுக்குள் மெலிந்த என் கை, எனக்குப் பிறக்கும் குழந்தையின் கையை மெலியச் செய்யுமா?

வாலிழந்த எலிகள்

ஜெர்மனியில் ஆகஸ்ட் வைஸ்மன் என்ற உயிரியல் அறிஞர் 1887-இல் இதைச் சோதிக்கத் தொடங்கினார். வெள்ளெலிகளின் வாலை வெட்டிவிட்டு அவற்றை இனப்பெருக்கம் செய்ய விட்டார். பிறந்த குட்டிகள் வளர்ந்ததும் அவற்றின் வாலையும் வெட்டினார். இவ்வாறு ஐந்து தலைமுறைகளில் 901 குட்டிகள் பிறந்தன. அவற்றில் ஒன்றுகூட வாலில்லாமலோ குறைவாலுடனோ பிறக்கவில்லை.

இந்தச் சோதனைக்கு நம் நாட்டில் ஆய்வுக்கூடமே தேவையில்லை. எத்தனையோ தலைமுறைகளாக நாம் குழந்தைகளுக்குக் காது குத்தி வருகிறோம். எந்தக் குழந்தையும் துளையோடு பிறந்ததில்லை. ஆகவேதான் ஒவ்வொரு வீட்டிலும் தாய்மாமன் மடியில் அமர்த்திக் காதுகுத்து விழா புதிதாக நடக்கிறது!

காரணத்தையும் வைஸ்மன் விளக்கினார். நம் உடலில் இருவகைச் செல்கள் உள்ளன. தசை, எலும்பு, தோல், நரம்பு ஆகியவை உடற்செல்களால் ஆனவை. அடுத்த தலைமுறையை உண்டாக்கும் இனச்செல்கள் வேறு. விலங்குகளில் பெரும்பாலானவற்றில் இவை கரு வளரும் தொடக்கக் காலத்திலேயே தனியே ஒதுக்கப்பட்டு விடுகின்றன. உடற்செல்களில் நேரும் தேய்மானமும் வளர்ச்சியும் இனச்செல்களில் எழுதப்படுவதில்லை. கட்டுக்குள் இருந்த கையின் செய்தி இனச்செல்லைச் சென்றடைய வழியில்லை.

ஆனால் கவனியுங்கள். வாலை வெட்டுவதும் வாலைப் பயன்படுத்தாதிருப்பதும் ஒன்றல்ல. லாமார்க்கின் கூற்றைச் சரியாகச் சோதிக்க வேண்டுமானால், உறுப்பு முழுதாக இருக்கவேண்டும். அதற்கு வேலை மட்டும் இருக்கக்கூடாது. அத்தகைய சோதனையும் நடந்திருக்கிறது.

இருட்டறையில் ஈக்கள்

அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈயைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வாரத்துக்குள் ஒரு தலைமுறை பெருகிவிடும். அமெரிக்காவில் பெய்ன் என்பவர் இந்த ஈக்களை 69 தலைமுறைகள் இருட்டிலேயே வளர்த்து, 1911-இல் முடிவை வெளியிட்டார். ஈக்களின் கண்கள் சிறுக்கவில்லை.

69 தலைமுறை போதாது என்று நீங்கள் வாதிடலாம். ஜப்பானில் கியோத்தோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோரி 1954-இல் ஒரு ஈக்கூட்டத்தை இருட்டில் அடைத்தார். அவருக்குப் பின்வந்தோரும் அதை விடாமல் வளர்த்தனர். 2012-ஆம் ஆண்டளவில் 1400 தலைமுறைகள் கடந்திருந்தன. ஒரு தலைமுறைக்கு 25 ஆண்டுகள் என்று மனிதக் கணக்கில் போட்டுப் பாருங்கள், 35,000 ஆண்டுகள்! இத்தனை காலம் ஒளியே காணாத அந்த ஈக்களின் தலையில் கண்கள் இன்னமும் உள்ளன.

அப்படியானால் பயன்படாத உறுப்புகள் மறைவதே இல்லையா? அதுவும் சரியன்று. மலைப்பாம்பின் உடலில் பின்கால்களின் எச்சமாக இரண்டு சிறு நகமுட்கள் உள்ளன. அதன் முன்னோருக்குக் கால்கள் இருந்தன; இப்போது இல்லை. கால்கள் போனது உண்மை. ஆனால் பெற்றோர் பயன்படுத்தாததால் பிள்ளைக்குச் சிறுத்தது என்ற விளக்கம் சோதனையில் தோற்றுவிட்டது. பிறகு எவ்வாறு மறைந்தன? இந்தப் புதிரை விடுவிக்க உதவியது ஒரு சிறு மீன்.

மெக்சிகோவின் குருட்டு மீன்

வடகிழக்கு மெக்சிகோவின் சுண்ணாம்புக்கல் மலைகளில் பல குகைகள் உள்ளன. 1936-ஆம் ஆண்டில் அவற்றுள் கூவா சிக்கா என்ற குகையிலிருந்து கிடைத்த மீன் ஒன்றை அமெரிக்க அறிஞர்கள் விவரித்து எழுதினர். ஒரு சாண் நீளம்கூட இல்லாத மீன், உடலில் நிறமில்லை, கண் இருக்கவேண்டிய இடத்தைத் தோல் மூடியிருந்தது. முதலில் இதைத் தனி இனம் என்றே கருதினர். பின்னர்தான், அதே பகுதியின் ஆறுகளில் கண்ணோடும் வெள்ளிநிறத்தோடும் திரியும் அஸ்டியானாக்ஸ் என்ற மீனின் உறவே இது என்று தெரிந்தது. இரண்டையும் கலந்தால் குஞ்சுகள் பிறக்கின்றன. அக்குஞ்சுகளும் இனப்பெருக்கம் செய்கின்றன. இன்று ஏறத்தாழ 30 குகைகளில் இக்குருட்டு மீன்கள் அறியப்பட்டுள்ளன. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆற்றிலிருந்து குகைக்குள் புகுந்த மீன்களின் வழிவந்தவை இவை.

ஆய்வுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. ஒரே இனம், ஒரு பகுதி வெளிச்சத்தில், மறுபகுதி இருட்டில்.

இப்போது ஈக்களின் சோதனையைத் தலைகீழாக்குவோம். இந்தக் குருட்டு மீன்கள் பல பத்தாண்டுகளாக வண்ணமீன் வளர்ப்போரின் கண்ணாடித் தொட்டிகளில், விளக்கொளியில் பிறந்து வளர்ந்து வருகின்றன. அவற்றுக்குக் கண் திரும்பி வந்ததா? இல்லை. இருட்டில் பிறந்த ஈக்குக் கண் இருக்கிறது. வெளிச்சத்தில் பிறந்த மீனுக்குக் கண் இல்லை. ஆகவே கண் அமைவது இந்தத் தலைமுறையின் பயன்பாட்டைப் பொறுத்ததன்று. இனச்செல்லில் உள்ள மரபுச் செய்தியைப் பொறுத்தது.

இன்னொரு வியப்பு. குகைமீனின் கரு வளரும்போது முதலில் கண் உருவாகவே செய்கிறது! ஏறத்தாழ ஒரு நாளைக்குப் பின் கண்ணின் லென்சில் உள்ள செல்கள் மடியத் தொடங்குகின்றன. பிறகு கண் முழுவதும் நலிந்து தோலுக்கடியில் புதைகிறது. யமமோட்டோ, ஜெஃப்ரி ஆகிய இருவரும் 2000-ஆம் ஆண்டில் ஓர் அழகிய சோதனையை வெளியிட்டனர். ஆற்றுமீன் கருவின் லென்சை எடுத்துக் குகைமீன் கருவின் ஒரு பக்கத்தில் பொருத்தினர். மீன் வளர்ந்தபோது அந்தப் பக்கம் பெரிய கண் இருந்தது. மறுபக்கம் குருடாகவே இருந்தது. கண்ணை உண்டாக்கும் ஏற்பாடுகளில் பெரும்பகுதி இன்னும் கெடாமல் இருக்கிறது, குறை சில இடங்களில்தான் என்பது இதிலிருந்து விளங்குகிறது.

திருத்துவார் இல்லாத ஏடு

அந்தக் குறை எப்படி நேர்ந்தது? ஓலைச்சுவடிகளை எண்ணிப் பாருங்கள். ஓலை நெடுங்காலம் தாங்காது. ஆகவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதிவைப்பார்கள். எழுதும்போது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிழைகள் நேரும். பலரும் ஓதும் பாடலில் பிழை விழுந்தால் உடனே கண்டு ஒதுக்கிவிடுவார்கள். யாரும் படிக்காத பாடலிலோ பிழைமேல் பிழை சேரும். சில தலைமுறைக்குப் பின் அதற்குப் பொருளே இராது. பாடலைக் கெடுத்தது "படிக்காமை" என்ற ஏதோ ஒரு சக்தியன்று. பிழை எங்கும் ஒரேபோல்தான் விழுகிறது. களைவார் இருக்கிறார்களா இல்லையா என்பதே வேறுபாடு.

மரபுச் செய்தியும் ஒவ்வொரு தலைமுறையிலும் படியெடுக்கப்படுகிறது. தற்செயலாகப் பிழைகள் விழுகின்றன. இவற்றைத் திடீர் மாற்றங்கள் என்கிறோம். ஆற்றில், கண்ணைக் கெடுக்கும் பிழையுடன் பிறந்த மீன் இரையைக் காணாது, எதிரியையும் காணாது. அது அழியும்போது பிழையும் அதனோடு அழிகிறது. இதுவே டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு. குகையிருளில் அதே பிழையுள்ள மீன் மற்ற மீன்களைப்போலவே வாழ்கிறது, குஞ்சு பொரிக்கிறது, பிழையைக் கையளிக்கிறது.

இவ்விளக்கம் சரியானால், வெவ்வேறு குகைகளில் வெவ்வேறு பிழைகள் விழுந்திருக்கவேண்டும். போரோவ்ஸ்கி என்பவர் இதைச் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டார். ஒரு குகையின் குருட்டு மீனை வேறொரு குகையின் குருட்டு மீனோடு சேர்த்தார். பிறந்த குஞ்சுகளில் சில பார்வையோடு இருந்தன! சில கலப்புகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 குஞ்சுகளுக்குப் பார்வை இருந்தது. பழுதான இரண்டு வானொலிப் பெட்டிகளில் ஒன்றில் ஒலிபெருக்கியும் மற்றொன்றில் மின்தேக்கியும் கெட்டிருந்தால், நல்ல பாகங்களைச் சேர்த்துப் பாடும் பெட்டி ஒன்றைச் செய்துவிடலாம் அல்லவா? அதுபோலத்தான். பல தலைமுறைகளாக ஒளியையே காணாத பெற்றோருக்குப் பார்வையுள்ள பிள்ளை! "பெற்றோர் பயன்படுத்தாததால் சிறுத்தது" என்பவர் இதற்கு என்ன விடை சொல்வார்?

கண்ணுக்கு ஆகும் செலவு

டார்வினும் இங்கே சற்றுத் தடுமாறினார் என்பதை மறைக்கவேண்டியதில்லை. மதீரா தீவில் 550 வகை வண்டுகளில் 200 வகைகள் பறக்க இயலாதவை. பறக்கும் வண்டுகளைக் காற்று கடலுக்குள் அடித்துச் செல்லும். பறக்காதவை பிழைக்கும் என்று தம் 1859-ஆம் ஆண்டு நூலில் இயற்கைத் தேர்வைக்கொண்டு பெரும்பாலும் விளக்கினார். ஆனால் குகை விலங்குகளின் கண்ணுக்கு வந்தபோது, இருட்டில் கண் இருப்பதால் என்ன கெடுதல் நேர்ந்துவிடும் என்று எண்ணி, அதன் மறைவைப் பயன்படுத்தாமையின் கணக்கிலேயே எழுதிவிட்டார். மரபணு என்ற கருத்தே உருவாகாத காலம் அது.

கண் இருந்தால் கெடுதல் உண்டா? இங்கேதான் இயற்பியல் ஆசிரியனுக்கு உற்சாகம் பிறக்கிறது. இது ஆற்றல் கணக்கு! விழித்திரையும், அது அனுப்பும் செய்தியைக் கையாளும் மூளைப்பகுதியும் ஓயாமல் ஆற்றலைச் செலவிடுபவை. மோரன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் 2015-இல் வெளியிட்ட அளவீடுகளின்படி, ஒரு கிராம் எடையுள்ள இளமீன் ஓய்வில் செலவிடும் ஆற்றலில் பார்வைக்கு மட்டும் 15 விழுக்காடு ஆகிறது. 8.5 கிராம் எடையுள்ள மீனுக்கு 5 விழுக்காடு. குகையில் பாசி வளராது. வௌவால் எச்சமும் வெள்ளம் அடித்துவரும் குப்பையுமே உணவு. அந்தப் பஞ்சத்தில் நூற்றுக்குப் பதினைந்து என்பது பெருஞ்செலவு. கண்ணில்லாத மீன் அந்த ஆற்றலை மிச்சம் பிடிக்கிறது. ஆகவே கண்ணைக் கெடுக்கும் பிழை குகையில் தண்டனை பெறாதது மட்டுமன்று. சில வேளைகளில் பரிசும் பெறுகிறது.

மூன்றாவது காரணமும் ஒன்று உண்டு. குகைமீனின் தாடை பெரியது. சுவை அரும்புகளும் மிகுதி. இருட்டில் இரை தேட இவை உதவுகின்றன. கருவில் இவற்றைப் பெருகச் செய்யும் ஒரு மரபணுவின் மிகுசெயலே லென்சையும் மடியச் செய்கிறது என்று 2004-இல் கண்டறிந்தனர். ஒன்றைப் பெறும்போது மற்றொன்று போகிறது.

களையப்படாத பிழை, ஆற்றல் சிக்கனம், ஒன்றுக்கு மற்றொன்று மாற்று. இம்மூன்றும் சேர்ந்து பல்லாயிரம் ஆண்டுகளில் செய்ததை, வெளியிலிருந்து பார்க்கும் நாம் "பயன்படாததால் மறைந்தது" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம்.

ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பெற்றோர் பட்ட பட்டினி போன்றவற்றின் விளைவு சில விலங்குகளில் ஓரிரு தலைமுறை தொடர்வதை அண்மைக் கால ஆய்வுகள் காட்டியுள்ளன. மரபணுக்களின்மேல் ஒட்டும் சில வேதிக் குறிகள் அவற்றைச் செயல்படவும் அடங்கவும் செய்கின்றன. ஆனால் இதனால் பயன்படுத்திய உறுப்பு பிள்ளைக்குப் பெருத்தும், பயன்படுத்தாத உறுப்பு சிறுத்தும் பிறக்கும் என்று ஆகிவிடாது.

மாணவனுக்கு விடை

இரண்டு வாரம் கழித்து அந்த மாணவனை அழைத்தேன். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "உன் கேள்விக்கு இப்போது நீயே விடை சொல்" என்றேன்.

சற்று யோசித்தான். "அப்பா படிக்காதது அவருடைய இனச்செல்லுக்குத் தெரியாது சார்" என்றான்.

"சரி. இன்னும் இருக்கிறது" என்றேன். எழுத்து என்பதே தோன்றி ஏறத்தாழ 5000 ஆண்டுகள்தான் ஆகின்றன. அதிலும் மிக அண்மைக்காலம் வரை எல்லா நாடுகளிலும் மிகப் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்களே. இன்றைய பேராசிரியர் எவரும் தம் முன்னோரைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம்தான் போய்ச் சேருவார். அப்படியிருந்தும் அவருக்குப் படிப்பு வந்தது. அவருடைய மகனும் பிறக்கும்போது எழுத்தோடு பிறப்பதில்லை. உன்னைப் போல "அ"விலிருந்துதான் தொடங்குகிறான்.

அடுத்தது, உன் தந்தையின் மூளை பயன்படாமல் இருந்ததாக யார் சொன்னது? பாவு இழைகளை எண்ணி, பூவேலைக்கு எந்த இழை எப்போது எழவேண்டும் என்று மனத்தில் கணக்கு வைத்து நெய்பவர் அவர். அவருக்குக் கிடைக்காமற்போனது பள்ளிக்கூடம், மூளையன்று.

பேராசிரியர் மகனுக்கு ஒன்று கூடுதலாகக் கிடைப்பது உண்மைதான். வீட்டில் புத்தகம், படிக்க ஓர் இடம், ஐயம் கேட்க ஓர் ஆள். இவை இனச்செல் வழியாக வருவதில்லை. கையிலிருந்து கைக்கு வருபவை. ஆகவே இவற்றை எந்தப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். அதற்குத்தான் பள்ளியும் நூலகமும்.

அவன் தலையசைத்துவிட்டுப் புறப்பட்டான். வாசல்வரை சென்றவன் திரும்பி வந்து, அந்தக் குகைமீனைப் பற்றி இன்னும் படிக்க நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டான். நூலகத்துக்கு இருவரும் சேர்ந்தே போனோம்.